டீசல்னு ஒரு மனுஷன் இருந்தார்

ஏப்ரல் 15-க்கு அப்புறம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வந்திருக்கீங்களா? வரலேன்னா ஒரு தடவை வாங்க. தடைக்காலம் 61 நாள். ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மீன் வாசனையைவிட பெயின்ட் வாசனையும் கிரீஸ் வாசனையும் தூக்கலா இருக்கிற சீசன் அது. வலையைப் பிரிச்சுப் போட்டு தைக்கிறவங்க ஒரு பக்கம், எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு பார்க்கிறவங்க இன்னொரு பக்கம்.

எங்க மாமா இரண்டாவது கூட்டம். போட் எஞ்சின் மெக்கானிக். மெக்கானிக்கல் படிக்கிற மருமகன் வீட்டில் இருந்தா அவருக்கு ஒரு இலவச ஹெல்பர். போன வருஷம் தடைக்காலத்துல நான் செஞ்ச முதல் உருப்படியான வேலை, மாமாவோட பழைய டீசல் காருக்கு ஆயில் பிரஷர் சென்சாரும் ஆயில் டெம்பரேச்சர் சென்சாரும் வெளியிலிருந்து வாங்கி மாட்டியது.

ஏன் மாட்டணும், டாஷ்போர்டுலதான் ஆயில் லைட் இருக்கேன்னு கேட்கலாம். அந்த லைட்டை நம்பித்தான் மாமா அதுக்கு முந்தின வருஷம் ஏமாந்தார். எண்ணூர் போயிட்டு வரும்போது லைட் எரிஞ்சது. ஓரங்கட்டி நிறுத்துறதுக்குள்ள பிக் எண்ட் பேரிங் போயிடுச்சு. தப்பு லைட் மேல இல்லை. அந்த லைட்டுக்குப் பின்னால் இருக்கிறது வெறும் சுவிட்ச். ஆயில் பிரஷர் ஏறக்குறைய 0.3, 0.5 பார் அளவுக்குக் கீழே போனாத்தான் அது எரியும். 4 பார் இருக்க வேண்டிய இடத்துல 1 பார் இருந்தாலும் லைட் அமைதியாவே இருக்கும். எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து சொல்ற சொந்தக்காரர் மாதிரி.

சென்சார் மாட்டுறது பெரிய வித்தை இல்லை, ஆனா சின்னச் சின்ன பாடம் நிறைய. பிரஷர் சுவிட்ச் இருக்கிற ஓட்டையில் டி-பீஸ் போட்டு சுவிட்சையும் சென்சாரையும் சேர்த்து மாட்டலாம். இல்லேன்னா ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு சாண்ட்விச் பிளேட் வைத்து, அதில் இரண்டு சென்சாரையும் மாட்டலாம். நாங்க இரண்டாவது வழியில் போனோம். சென்சாரை டி-பீஸில் நேரடியா தொங்கவிட்டா டீசல் எஞ்சின் அதிர்வுக்கு கழுத்து ஒடிஞ்சு ஆயில் மொத்தமும் ரோட்டுக்கு வந்துடும் என்பது மாமாவோட கணக்கு.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடறேன். ஆயில் கசியக்கூடாதேன்னு மரையில் டெஃப்லான் டேப்பை தாராளமா சுத்திட்டேன். சாவியைத் திருப்பினா எஞ்சின் ஓடாமலேயே பிரஷர் முள் கடைசி வரைக்கும் ஏறி நின்னுடுச்சு. ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் கிடைக்கிறதே அந்த மரை வழியாத்தான். டேப் அதை மறிச்சா சர்க்யூட் அறுந்த மாதிரி. மீட்டர் அதை முழு பிரஷர்னு எடுத்துக்கும். டேப்பைப் பிரிச்சுட்டு கொஞ்சமா சீலன்ட் தடவி மாட்டின பிறகுதான் முள் பூஜ்யத்துக்கு வந்தது.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தபோது 4 பார் காட்டியது. ஒரு மணி நேரம் ஓட்டி ஆயில் 95 டிகிரி வந்த பிறகு ஐடிலில் 1.2 பார். எனக்கு பகீர்னு ஆச்சு. மாமா சிரிச்சார். சூடானா ஆயில் தண்ணியாகும், பிரஷர் இறங்கத்தான் செய்யும். ஆக்சிலரேட்டர் கொடுத்தா ஏறுதான்னு பார்க்கணும். சூடு எவ்வளவுன்னு தெரியாம பிரஷரை மட்டும் படிச்சா அது பாதி உண்மைதான், அதனாலதான் இரண்டையும் சேர்த்து மாட்டச் சொன்னேன் என்றார்.

அன்னைக்கு சாயங்காலம் பங்க்கில் டீசல் போடும்போது யோசிச்சேன். பம்பு மேல எழுதியிருக்கிற அந்தப் பேர் ஒரு மனுஷனோட பேர்னு நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரி அதுவும் ஒரு சரக்கின் பேர்னு நினைச்சுட்டோம். அந்த மனுஷன் முதன்முதலா தன் எஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்னைக்கு, முதலில் வெடிச்சுச் சிதறினது எது தெரியுமா? பிரஷர் அளக்கிற கருவி.

தோல் சாமான் வண்டி தள்ளிய பையன்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18, பாரிஸ் நகரத்தில். ஆனா அவர் பிரெஞ்சுக்காரர் இல்லை. அப்பா தியோடர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஊரைச் சேர்ந்த புத்தகம் பைண்டிங் செய்கிறவர். பிழைப்புக்காக பாரிஸ் வந்து தோல் சாமான் செய்து விற்றவர். செய்த சாமானை தள்ளுவண்டியில் வைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பது பையனின் வேலை. ஓய்வு கிடைத்தால் அவன் ஓடுகிற இடம் பாரிஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகம். அங்கே கூன்யோ என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டி நின்றுகொண்டிருந்தது. அதை வரைந்து வரைந்து பார்ப்பானாம்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. ஜெர்மன்காரர்கள் பாரிஸில் இருக்க முடியாத நிலை. குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு லண்டன் போனது. அங்கே எல்லாருக்கும் சோறு போட வழியில்லை. 12 வயது ருடால்ஃபை மட்டும் தனியாக ரயிலேற்றி ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் பார்னிக்கல் கணித ஆசிரியர். போர் நடக்கிற கண்டத்தைத் தாண்டி ஒரு பையன் தனியா போய்ச் சேர்ந்தான். போன இடத்தில் படிப்பைப் பிடிச்சுக்கிட்டான். தான் எஞ்சினியர் ஆகப் போவதாக 14 வயதிலேயே வீட்டுக்கு எழுதிவிட்டான்.

ஆக்ஸ்பர்க் பள்ளியில் ஒரு சின்ன கருவி இருந்ததாகச் சொல்வார்கள். கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு பிஸ்டன், அடியில் கொஞ்சம் பஞ்சு. பிஸ்டனை சட்டென்று அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி பஞ்சு பற்றிக்கொள்ளும். தீக்குச்சி இல்லை, பொறி இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு அடியில் தொட்டுப் பாருங்க, சுடும். அதே சங்கதிதான். அவருடைய எஞ்சினின் விதை அங்கே விழுந்தது என்பது கதையாகவும் இருக்கலாம். ஆனா எஞ்சினின் உயிர் அதுதான்.

நோட்டு ஓரத்தில் எழுதிய குறிப்பு

உதவித்தொகை வாங்கி மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரத்துக்குப் பேர் போன அதே லிண்டே. 1878-இல் ஒரு வகுப்பில் லிண்டே ஒரு கணக்கு சொன்னார். நல்ல நீராவி எஞ்சின்கூட நிலக்கரியில் இருக்கும் வெப்பத்தில் 6 முதல் 10 சதவீதத்தைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி எல்லாம் வீணாப் போகுது. கார்னோ சுழற்சி சொல்லும் எல்லையோ இதைவிட எங்கேயோ மேலே இருக்கிறது.

நமக்கும் அதே பாடம் நடத்துறாங்க. நாம ஃபார்முலாவை எழுதிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போயிடுறோம். டீசல் தன் நோட்டின் ஓரத்தில், இந்த இடைவெளியைக் குறைக்க நடைமுறையில் வழி உண்டா என்று ஆராய வேண்டும் என்பதுபோல ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அடுத்த 15 வருஷம் அந்தக் குறிப்பின் பின்னால் போனது.

டைபாய்டு காய்ச்சல் வந்து இறுதித் தேர்வு தள்ளிப் போனது. 1880 ஜனவரியில் எழுதி, அந்தக் கல்லூரி அதுவரை கண்ட மிக உயர்ந்த மதிப்பெண்களில் தேறினார்.

ஐஸ் கம்பெனி வேலை

முதல் வேலை லிண்டேவின் ஐஸ் கம்பெனியில், மறுபடியும் பாரிஸில். காசிமேட்டுக்காரனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஏன்னா ஒரு போட் கடலுக்குக் கிளம்பும்போது ஏத்துற இரண்டு முக்கியமான சரக்கு டீசலும் ஐஸும். அம்மோனியாவை அழுத்தி, குளிரவைத்து, விரியவிட்டு ஐஸ் செய்கிற அந்த முறை லிண்டே வளர்த்தெடுத்தது. அந்த மிஷினைக் கட்டி ஓட்டிய இளைஞர் டீசல். 1881-இல் பாட்டிலுக்குள்ளேயே ஐஸ் செய்யும் முறைக்கு அவர் முதல் காப்புரிமை வாங்கினார்.

1883-இல் மார்த்தா ஃபிளாஷேயைத் திருமணம் செய்தார். மூன்று குழந்தைகள். பகலில் கம்பெனி வேலை, மிச்ச நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சின் செய்யப் பல வருஷம் பாடுபட்டார். வரவில்லை. ஒரு கட்டத்தில் யோசனை திரும்பியது. ஆவி எதுக்கு? காற்றையே வைத்துக்கொண்டால் என்ன? காற்றை மட்டும் சிலிண்டருக்குள் எடுத்து, அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை அழுத்தி, அந்த நொடியில் எரிபொருளை உள்ளே விட்டால் தானாகப் பற்றும். பொறி வேண்டாம், தனி அடுப்பு வேண்டாம்.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு வருஷம் பிப்ரவரி 23-இல் கிடைத்தது. எண் 67207. கூடவே கொள்கையை விளக்கி ஒரு சின்னப் புத்தகமும் போட்டார். அதில் 250 வளிமண்டல அழுத்தம் வரை அழுத்தப் போவதாகக் கணக்கு இருந்தது. அந்தக் காலத்து நீராவி பாய்லர்களோடு ஒப்பிட்டால் அது பைத்தியக்காரத்தனமான எண். பலர் சிரித்தார்கள். ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையின் தலைவர் ஹைன்ரிஷ் பூட்ஸும் முதலில் தயங்கினார். டீசல் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு திரும்ப வந்ததும் சம்மதித்தார். க்ருப் நிறுவனமும் சேர்ந்து பணம் போட்டது, டீசலுக்கு வருஷத்துக்கு 30,000 மார்க் சம்பளமும் கொடுத்தது.

1893 ஆகஸ்ட் 10

முதல் சோதனை எஞ்சின் 3 மீட்டர் உயரம். ஒற்றை சிலிண்டர், 150 மில்லிமீட்டர் விட்டம், 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அதுக்குத் தண்ணீர் ஜாக்கெட் கிடையாது. தன் கொள்கைப்படி எரிந்தால் வெப்பம் எல்லாம் வேலையாகிவிடும், குளிர்விக்க அவசியமே இருக்காது என்று நம்பினார். பேப்பரில் எல்லாம் சரியாத்தான் இருந்தது.

சிலிண்டர் தலையில் இண்டிகேட்டர் என்ற கருவியை மாட்டியிருந்தார்கள். ஜேம்ஸ் வாட் காலத்திலிருந்து வந்த கருவி அது. ஒரு குட்டி பிஸ்டன், அதன் மேல ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஒரு பென்சில் முனை. சிலிண்டருக்குள் பிரஷர் ஏறினால் பென்சில் ஏறும். எஞ்சின் பிஸ்டனோடு சேர்ந்து ஒரு காகித உருளை முன்னும் பின்னும் திரும்பும். காகிதத்தில் விழும் மூடிய வளைகோடுதான் நாம பரீட்சையில் ஸ்கேல் வைத்து வரையும் பிரஷர்-வால்யூம் படம். நமக்கு அது 8 மார்க். அவங்களுக்கு, இரும்புச் சுவருக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க இருந்த ஒரே ஜன்னல்.

அன்று எஞ்சினை ஆலையின் பொது ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு சுழற்றினார்கள். பெட்ரோலை உள்ளே செலுத்தினார்கள். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இண்டிகேட்டர் துண்டு துண்டாகச் சிதறியது. அழுத்தம் 80 வளிமண்டலம் வரை எகிறியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் உயிர் தப்பியதே அதிர்ஷ்டம்.

எஞ்சின் தன் சொந்த பலத்தில் ஒரு சுற்றுகூட ஓடவில்லை. வேற யாரா இருந்தாலும் தோல்வின்னு எழுதியிருப்பாங்க. ஆனா பொறி இல்லாமல், வெறும் அழுத்தத்தால் எரிபொருள் பற்றும் என்பது அந்த ஒரு வெடியில் நிரூபணமாகிவிட்டது. டீசலுக்கு அது வெற்றி. அளவுகோல் உடைந்ததுதான் ஆதாரம்!

அப்புறம் வந்தது பொறுமையின் காலம். திரும்பத் திரும்பப் பிரித்தார்கள், மாற்றினார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று எஞ்சின் முதல் முறையாக ஏறக்குறைய ஒரு நிமிஷம் தானாக ஓடியது. பெல்ட் எஞ்சினை இழுக்கவில்லை, எஞ்சின்தான் பெல்ட்டை இழுக்கிறது என்று முதலில் கவனித்தது ஒரு தொழிலாளி. மரியாதையாகத் தன் தொப்பியைக் கழற்றினாராம்.

அடுத்தடுத்த எஞ்சின்களில் தண்ணீர் ஜாக்கெட் வந்தது. தன் கொள்கையில் எது நடக்காது என்பதையும் டீசல் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எரியும்போது வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும் என்ற முதல் காப்புரிமையின் யோசனை கைவிடப்பட்டது. எரிபொருளைக் கச்சிதமாக அளந்து தள்ளும் பம்பு அந்தக் காலத்தில் சாத்தியப்படவில்லை. அதனால் அழுத்தப்பட்ட காற்றின் உதவியோடு அதைச் சிலிண்டருக்குள் ஊதினார்கள். அதுக்குத் தனியா ஒரு கம்ப்ரஸர். டீசல் எஞ்சின் ரொம்ப நாளைக்கு ஃபேக்டரிக்குள்ளும் கப்பலுக்குள்ளும் மட்டுமே அடைபட்டுக் கிடந்ததுக்கு இந்தக் கனமும் ஒரு காரணம்.

1897 பிப்ரவரி 17-இல் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரப்பூர்வமாக அளந்தார். ஏறக்குறைய 20 குதிரைத்திறன். வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. லிண்டே வகுப்பில் கேட்ட 6 முதல் 10 எங்கே, 26 எங்கே! நோட்டு ஓரக் குறிப்புக்கு 19 வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. அப்போ அவருக்கு வயது 38.

லைட் எரியாத வருஷங்கள்

கதை இங்கே முடிந்திருந்தா இது ஒரு மோட்டிவேஷன் கட்டுரை. முடியலை.

அந்த 20 குதிரைத்திறன் எஞ்சின் ஆய்வகத்தில், கெட்டிக்கார ஆட்கள் சூழ ஓடியது. அதைக் கண்டு உலகமே உரிமம் வாங்க ஓடி வந்தது. அமெரிக்காவுக்கான உரிமத்துக்கு பீர் ஆலை அதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். ரஷ்யாவில் நோபல் குடும்பம் வாங்கியது. 40 வயதில் டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் அரண்மனை போல ஒரு வீடு எழும்பியது.

ஆனா எஞ்சின் இன்னும் சந்தைக்குத் தயாராகவில்லை. கெம்ப்டன் ஊரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 1898-இல் போன இரட்டை சிலிண்டர் எஞ்சின் ஆரம்பத்திலிருந்தே தொல்லை கொடுத்தது. ஆக்ஸ்பர்க்கில் டீசல் பேரிலேயே தொடங்கிய எஞ்சின் ஆலை அனுப்பிய எஞ்சின்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வந்தன. சில ஆண்டுகளிலேயே அங்கே உற்பத்தி நின்றது. கண்டுபிடிப்பே அவருடையது இல்லை என்று வழக்குகள். பத்திரிகைகளில் தாக்குதல். 1898-இலேயே நரம்புத் தளர்ச்சி வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். தீராத தலைவலி அவரோடேயே இருந்தது.

பணத்தைப் பெருக்கவும் அவருக்குத் தெரியவில்லை. எண்ணெய் வயலில் போட்டார், நிலத்தில் போட்டார், இரண்டிலும் விட்டார். தொழிலாளர்களே தொழிற்சாலைகளுக்கு உரிமையாளராகும் ஒரு கூட்டுறவு சமுதாயத்தைக் கனவு கண்டு 1903-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆயிரக்கணக்கில் அச்சடித்த அது சில நூறு பிரதிகள்தான் விற்றது. எஞ்சினைவிட அந்தப் புத்தகம் பெரிய விஷயம் என்று அவர் நினைத்தார். யாரும் அப்படி நினைக்கவில்லை.

இதுக்கு நடுவில் எஞ்சின் மட்டும் தேறிக்கொண்டே வந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு பெற்றது. அதே கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆமா, நம்ம கடலை எண்ணெய்தான். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லும் வரை அது கடலை எண்ணெய்னு பலருக்குத் தெரியவே இல்லை. பிறகு டீசல் தானும் தாவர எண்ணெய்களைச் சோதித்து, அவை ஒருநாள் முக்கியமாகும் என்று 1912-இல் பேசினார். பயோடீசல் பிராஜெக்ட் செய்கிறவர்கள் அறிமுகப் பக்கத்தில் தாராளமா எழுதிக்கலாம்.

அதே 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற சரக்குக் கப்பல் டீசல் எஞ்சினோடு கோபன்ஹேகனிலிருந்து கிளம்பி, இந்து மகா சமுத்திரத்தைக் கடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தது. நீராவிக்கும் நிலக்கரிக்கும் அது கெட்ட சகுனம். பாய்லர் அறையில் நிலக்கரி வாரிப் போட்ட கூட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம்ம மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. எண்ணெயைக் கொளுத்திய அந்தக் கப்பல் ஓடியது நிலக்கரியில். ஆனா அதே போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் பலவும் டீசலில்தான் ஓடின. அதைப் பார்க்க டீசல் உயிரோடு இல்லை.

ஒரு கப்பல், ஒரு ராத்திரி

1913 செப்டம்பர் 29. இங்கிலாந்தில் டீசல் எஞ்சின் கம்பெனி ஒன்றின் கூட்டத்துக்காகப் புறப்பட்டார். ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஹாரிச் போகும் டிரெஸ்டன் என்ற கப்பல். கூட இரண்டு பேர். மூவரும் இரவு சாப்பிட்டார்கள், மேல்தளத்தில் உலாவினார்கள், நன்றாகவே பேசினார்கள். 10 மணிவாக்கில், காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு டீசல் தன் அறைக்குப் போனார்.

காலையில் அறை காலி. படுக்கையில் யாரும் படுத்த தடம் இல்லை. இரவு உடை எடுத்து வைத்தது வைத்தபடி. கைப்பிடிக் கம்பி ஓரமாக அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. நாட்குறிப்பில் அந்தத் தேதியில் ஒரு சிலுவைக் குறி.

பத்து நாளுக்கு மேல் கழித்து, ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டார்கள். உருக்குலைந்திருந்தது. சட்டைப் பையிலிருந்த மாத்திரை டப்பா, பர்ஸ், பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மகன் ஆய்கன் வந்து பார்த்து, அவை அப்பாவுடையவை என்றார். வயது 55.

எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், உளவாளிகள் கொன்றார்கள் என்று கதைகள் இன்னும் சுற்றுகின்றன. எதுக்கும் ஆதாரம் இல்லை. வீட்டுக் கணக்கைப் பார்த்தபோதுதான் கடன் சொத்தை மிஞ்சியிருந்தது தெரிந்தது. புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே பணம் இருந்தது. அப்பா தானாகத்தான் போனார் என்பதே பின்னாளில் அவர் வாழ்க்கையை எழுதிய ஆய்கனின் முடிவு. அந்த ராத்திரி உண்மையில் என்ன நடந்தது என்று அந்தக் கடலுக்குத்தான் தெரியும்.

முள்ளைப் பார்க்கிறவர்கள்

அவர் போன பிறகு எஞ்சின் சின்னதானது. 1920-களில் காற்று கம்ப்ரஸரைத் தூக்கிப்போட்டுவிட்டு லாரிக்குள் ஏறியது. பாஷ் நிறுவனத்தின் எரிபொருள் பம்பு 1927-இல் மொத்தமாக உற்பத்திக்கு வந்தது. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1948-இல் தொடங்கி எண்ணூரில் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி எஞ்சின்களைத் தட்டித் தள்ளியது. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி டீசல் புல்லட்கூட விட்டது. லாரிக்குப் பிறந்த எஞ்சின்கள் கடல் தண்ணீரில் குளிரும் ஏற்பாட்டோடு காசிமேட்டுப் படகுகளுக்குள் இறங்கின. மூன்று மீட்டர் உயரத்தில் ஆக்ஸ்பர்க்கில் வெடித்த அந்த ராட்சசனின் பேரப்பிள்ளைகள்தான் நம்ம துறைமுகத்தில் வரிசையாக நிற்கிறவை.

மாமாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, அவ்வளவு பெரிய ஆளுக்கு சுத்தி நின்ன யாருமே கவனிக்கலையா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. கடைசி ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவர் சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கார். டாஷ்போர்டு லைட் எரியாமத்தான் இருந்திருக்கு.

ஒரு இரும்பு சிலிண்டருக்குள் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க இண்டிகேட்டர் மாட்டி, உடைஞ்சா மறுபடி மாட்டி, நாலு வருஷம் கோடு கோடா படிச்ச மனுஷன் அவர். பதினைந்து வருஷமா அவருக்குள்ள ஏறின அழுத்தத்தை அப்படிப் பக்கத்தில் இருந்து படிக்க யாரும் இருந்த மாதிரி தெரியலை. அவரும் யாருக்கும் காட்டின மாதிரி இல்லை. நம்ம ஹாஸ்டல்லயும் அரியர், லோன், வீட்டுப் பிரச்சனைன்னு உள்ளே 4 பார் ஏத்திக்கிட்டு வெளியே லைட் எரியாம உட்கார்ந்திருக்கிற ஆளுங்க உண்டு. நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். லைட்டுக்காகக் காத்திருக்காதீங்க. பக்கத்துல போய் உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்க. அந்த ஆள் நீங்களா இருந்தா, யார்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லிடுங்க.

ஜூன் 14 ராத்திரி காசிமேடு தூங்காது. ஐஸ் ஏறும், டீசல் ஏறும், பூஜை நடக்கும். ஒவ்வொரு எஞ்சினா உறுமி எழும்பும். மாமா ஒவ்வொரு போட்டிலும் ஏறி, டார்ச் அடிச்சு பிரஷர் மீட்டர் முள்ளைப் பார்ப்பார். அப்புறம் டெம்பரேச்சர் முள். இரண்டும் சரியா நின்னாத்தான் கயிறை அவிழ்க்கச் சொல்லுவார்.